மூணாவது மோட்டார்

"மறுபடியும் தண்ணி மோட்டார் போயிடுச்சும்மா. உள்ளே காயில் கம்பி கருகிடுச்சாம்."

ஊரிலிருந்து புருஷன் போனில் இதைச் சொன்னதும், வெளிநாட்டில் வேலை பார்க்கும் நர்ஸுக்குச் சுருக்கென்றது.

"போன வருஷம்தானே புதுசு போட்டீங்க?"

"ஆமா. என்ன பண்றது, உப்புத் தண்ணி."

"சரி, அனுப்புறேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அறைத்தோழி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அதே ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். டூத்பேஸ்ட் எத்தனை நாள் வருகிறது என்று காலண்டரில் குறித்து வைப்பவள் என்பதால், குவார்ட்டர்ஸில் எல்லாருக்கும் அவள் 'ஆடிட்டர்'தான்.

"மூணு வருஷத்துல மூணு மோட்டார். உங்க வீட்டுல கிணத்துல இறைக்கிறாங்களா, கடல்லயா?"

"கேலி பண்ணாதேடி."

"கேலி இல்லை. முந்தின மாசம் மாடி ஒழுகிச்சு. அதுக்கு முன்னாடி ஸ்கூட்டர் இன்ஜின் போச்சு. ஒண்ணு விட்டு ஒரு மாசம் ஏதாவது ஒண்ணு உடையுது. காசு எங்கேயோ போகுது. நீதான் அவரை உத்தமர்னு சொல்லிக்கிட்டுத் திரியறே."

உத்தமி என்று நர்ஸும் மார்தட்டிக்கொள்ள முடியாது.

மூன்று வருஷமாக அவளுக்குச் சம்பளம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. வீட்டில் சொன்னதோ, "இந்த வருஷமும் ஏத்தலைங்க." ஆடிட்டர் சொல்லிக்கொடுத்த வித்தை அது. "சம்பளம் ஏறினது ஊருக்குத் தெரிஞ்சா வீட்டுச் செலவும் கூடவே ஏறிடும். ஏறினதைத் தனிக் கணக்குல போடு. திரும்பிப் போற அன்னிக்கு உன் கையில நாலு காசு இருக்கணும்." காசு சேர்ந்தது. பொய்யும் கூடவே சேர்ந்தது.

இன்றைக்கு அவள் பையில் ஒப்பந்தப் படிவம் இருந்தது. இன்னும் இரண்டு வருஷத்துக்கு. சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

போடாமல் என்ன செய்வது? வீட்டுக் கடனில் அறுபது தவணை பாக்கி. தனிக் கணக்கில் இருப்பது முப்பத்தாறுக்குத்தான் வரும். கடன் தீராமல் ஊருக்குப் போனால் வீடு தங்காது. ஆனால் ஊரில் இருக்கும் மகளுக்கு அம்மா என்றால் கழுத்துக்கு மேலேதான். செல்போனில் அவ்வளவுதானே தெரிகிறது.

பேனாவை எடுத்தவளின் கையை ஆடிட்டர் பிடித்தாள்.

"பேங்க்ல கேட்டியா? பாக்கி எவ்வளவுன்னு?"

"எதுக்கு? மாசாமாசம் தவணை போகுது. மத்ததெல்லாம் அவர் பாத்துக்கறார்."

"அதான் கேளுங்கறேன். கடன் உன் பேர்ல, காகிதம் அவர் கையில. ஆறு வருஷமா ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கலை. நல்லா இருக்கு உன் பிளானிங்."

தவணையே சரியாகப் போகவில்லை என்றால்? ஊர் பேங்க்குக்குப் போன் போட்டாள். கடன் அதிகாரி கணக்கு எண், பிறந்த தேதி எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"முப்பத்து நாலு தவணை பாக்கி, மேடம்."

"நல்லாப் பாருங்க சார். அறுபது இருக்கணும்."

"இல்லை மேடம். தவணை போக, அப்பப்போ அசல்ல வேற கட்டியிருக்கீங்களே."

"நானா?"

"உங்க வீட்டுக்காரர்தான் வந்து கட்டுவார். போன மாசத்துக்கு முந்தின மாசம் ஒண்ணு. அதுக்கு முன்னாடி…"

அதிகாரி மாதங்களைப் படித்துக்கொண்டே போனார். மாடி ஒழுகிய மாதம். ஸ்கூட்டர் நின்ற மாதம். முதல் மோட்டார், இரண்டாவது மோட்டார். ஒன்றுகூட விடுபடவில்லை.

"ஒரேயடியாக் கட்டினா வட்டியும் மிச்சம் மேடம்."

தனிக் கணக்கில் இருப்பதே போதும்! நர்ஸ் படிவத்தை நாலாகக் கிழித்து ஆடிட்டர் கையில் கொடுத்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஜெயித்துவிட்டோம் என்று சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும் போலிருந்தது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, மோட்டாருக்குப் பணம் அனுப்பலை."

"பரவாயில்லைம்மா. கையில இருக்கிறதை வச்சுப் பாத்துக்கறேன்."

"என்னத்தைப் பாத்துப்பீங்க? மோட்டார் ஜம்முனு ஓடுதுன்னு பேங்க்ல சொன்னாங்களே."

"பேங்க்ல கேட்டுட்டியா?"

"ஏன் எங்கிட்ட மறைச்சீங்க?"

"கடன் குறையுதுன்னு தெரிஞ்சா சும்மா இருப்பியா? சீக்கிரம் முடிச்சிடலாம்னு இன்னும் ரெண்டு டியூட்டி சேர்த்துப் பார்ப்பே. அப்புறம் உடம்பு என்னாகிறது?"

ஆடிட்டர் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தாள். "மூணு மோட்டாருக்கும் சேர்த்து நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு."

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மிச்சக் கடனை இந்த வாரமே அடைச்சிடலாங்க. அடுத்த மாசம் நான் வந்துடறேன். ஆனா நானும் உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். மூணு வருஷமா…"

"சம்பளம் ஏறிக்கிட்டிருக்கு. அதானே?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வீட்டுக்காரர் சிரித்தார்.

"ஒவ்வொரு தடவை மோட்டார் போச்சுன்னப்பவும் மறுபேச்சில்லாம 'சரி, அனுப்புறேன்'னியே… ஏறாத சம்பளத்துல அது எப்படிம்மா வரும்?"