பியர்ல் பேண்டில் ஒரு திருட்டு

தூத்துக்குடியில் பியர்ல் பேண்டு வாசிக்காத கல்யாணத்தை யாரும் கல்யாணம் என்றே ஒப்புக்கொள்வதில்லை. அந்த பேண்டின் இரண்டு கிளாரினெட் வித்வான்களோ, ஒருவர் வாசிப்பதை மற்றவர் சங்கீதம் என்றே ஒப்புக்கொள்வதில்லை.

பொன்னுதுரைக்குக் கல்யாணி ராகம் என்றால் உயிர். சந்தியாகுவுக்குத் துரைமார் கிளப்பு ஜன்னலோரம் நின்று கேட்ட வால்ட்ஸ் மெட்டுகள் என்றால் உயிர்.

"அது என்னலே பாட்டு, நொண்டி நடக்க மாதிரி?" என்பார் பொன்னுதுரை.

"ஒம்ம கல்யாணி முடியதுக்குள்ள மாப்பிள்ளைக்கு நரைச்சிரும், வே!" என்பார் சந்தியாகு.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கக்கூட மாட்டார்கள். ஆகவே பேண்டு முதலாளி நடுவே சொரிமுத்துவை நிறுத்திவைத்திருந்தார்.

சொரிமுத்து ஒப்புக்குச் சப்பாணி. முன்வரிசையில் மூன்று கிளாரினெட் இருந்தால்தான் பார்வையாக இருக்கும் என்று சேர்த்த ஆள். பெரிய மீசை; யூனிபாரம் அவனுக்குத்தான் எடுப்பாக இருக்கும். ஆனால் அவன் கிளாரினெட்டில் ரீடு கிடையாது. வாய் வைக்கிற இடத்தில் பொருத்தும் நாணல் பட்டைதான் ரீடு. அது இல்லாவிட்டால் கிளாரினெட்டும் அடுப்பூதும் குழலும் ஒன்றுதான். கன்னத்தை உப்பி விரலை ஆட்டுவது அவன் வேலை. அது போக, வித்வான்கள் இருவரின் வாத்தியங்களையும் வீட்டுக்குக் கொண்டுபோய், ராத்திரி வெகுநேரம் துடைத்து மறுநாள் கொண்டுவருவான்.

சண்டை முற்றியது யுத்த காலத்தில். சென்னையிலிருந்து ஓர் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் வந்து இறங்கினார்.

"தட்டு செய்கிற அரக்குக்குத் தட்டுப்பாடு. ஒரே ஒரு தட்டுதான் போட முடியும். அதில் ஒரே ஒரு கிளாரினெட்தான். நாளைக்கு மாப்பிள்ளை அழைப்பில் கேட்டுவிட்டு யாரென்று சொல்கிறேன்" என்றார்.

தட்டில் பெயர் வந்தால் கொழும்பு வரைக்கும் பேர் போகும். பொன்னுதுரைக்கு முன்பல் இரண்டு ஆட ஆரம்பித்திருந்தது. பல் விழுந்தால் வாசிப்பும் போச்சு. இதை விட்டால் வேறு சந்தர்ப்பம் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தார்.

மறுநாள் மத்தியானம் சந்தியாகு சாப்பிடப் போன நேரம். பேண்டுக் கொட்டகைக்குள் நுழைந்த பொன்னுதுரை, சந்தியாகுவின் கிளாரினெட் மூடியைக் கழற்றி, ரீடை உருவிக்கொண்டு, மூடியைப் பழையபடி மாட்டினார். கப்பல் போக்குவரத்து நின்றதிலிருந்து பாரிஸ் ரீடு வருவதில்லை. ஆளுக்கு ஒன்றுதான் மிச்சம்.

வெளியே சொரிமுத்து பித்தளைப் பொத்தான்களைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏலே சொரிமுத்து, இதக் கொண்டுபோயி கடல்ல போட்டுட்டு வா. ஒரு பயலுக்கும் தெரியப்படாது."

"எனக்கு எதுக்கு அண்ணாச்சி ஊர் வம்பு? போட்டுட்டு வாரேன்."

பொன்னுதுரைக்கு நெஞ்சு குறுகுறுத்தது. தட்டை நினைத்ததும் அடங்கிவிட்டது. நிம்மதியாக ஒரு பிடி சாப்பிட்டுவிட்டு வந்தார்.

குண்டுவீச்சுப் பயத்தில், இருட்டிய பிறகு விளக்கு வைக்கக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு. அதனால் உப்பள முதலாளி வீட்டு ஊர்வலம் வெயில் இருக்கும்போதே பீச் ரோட்டில் புறப்பட்டது. முன்னால் ஊர்ந்த காரில் கம்பெனிக்காரர் பேண்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். டிரம் முழங்கியது. பொன்னுதுரை தன் கிளாரினெட் மூடியைக் கழற்றினார்.

ரீடைக் காணோம்!

அதே சமயம் சந்தியாகு நிற்கும் பக்கமிருந்து கிளாரினெட் ஒலி எழும்பியது. பொன்னுதுரைக்குப் பொறி தட்டிவிட்டது. படுபாவி முந்திக்கொண்டான்! என் ரீடைத் திருடி, அதிலேயே வாசிக்கிறான்!

கத்தவும் முடியாது. கத்தினால் தன் குட்டும் வெளிப்படும். வேறு வழியில்லாமல் கன்னத்தை உப்பி விரலை ஆட்டிக்கொண்டு நடந்தார்.

கொஞ்ச தூரம் போனதும் அவருக்கு உடம்பு சிலிர்த்தது. வந்துகொண்டிருந்தது கல்யாணி. அவருடைய கல்யாணி, அவர் மட்டுமே போடும் குழைவு. அதிலிருந்து மெல்ல வால்ட்ஸுக்கு இறங்கி, திரும்பக் கல்யாணிக்கே ஏறியது. இரண்டும் ஒன்றோடொன்று இப்படிச் சேரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. இத்தனை வருஷமாக ஏசிக்கொண்டே என் வாசிப்பை எவ்வளவு ஆசையாகக் கேட்டிருக்கிறான் இந்தச் சந்தியாகு! கோபமெல்லாம் கரைந்து கண்ணில் நீர் முட்டியது.

கல்யாண வீட்டு வாசலில் ஊர்வலம் நின்றதும் ஓடிப்போய்ச் சந்தியாகுவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, ஒன் ரீட எடுத்தது நாந்தாம்லே. நீ எம் ரீட எடுத்ததும் போவட்டும். எங் கல்யாணிய அப்பிடி வாசிச்சிட்டியே! தட்டு ஒனக்குத்தாம்லே."

சந்தியாகுவின் கண்ணும் சிவந்திருந்தது. "நான் எங்க வே வாசிச்சேன்? எம் மெட்ட நீரு வாசிக்கேருன்னுல்லா நெனச்சு அழுதுகிட்டு வாரேன்!"

"ரீடு இல்லாம நான் எதுலலே வாசிக்க? அதான் ஒங்கிட்ட இருக்கே!"

"எங்கிட்ட ஏது வே? எடுத்த கையோட, கடல்ல போட்டுருன்னு சொரிமுத்துகிட்ட குடுத்துட்டேனே!"

இருவரும் மெல்லத் திரும்பினார்கள்.

பந்தலுக்குள் கழுத்தில் மாலையோடு நின்ற சொரிமுத்து, தட்டில் போடுவதற்குத் தன் பெயரைக் கம்பெனிக்காரரிடம் சொல்லிவிட்டு, "ரீடு தேஞ்சுபோனாலும் கவலையில்ல ஐயா, கைவசம் இன்னொண்ணு இருக்கு" என்று தைரியம் சொல்லிக்கொண்டிருந்தான்.