நல்ல பதிவு

சுகாதார நிலையத்துத் திரையில் வரும் நரம்பியல் மருத்துவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று நர்ஸ் எஸ்தருக்குத் தெரியாது. வலிப்பைக் கண்ணால் பார்த்தால்தான் அவர் மருந்து எழுதுவார். அதற்காகவே வலிப்பு நோயாளியான செண்பகவல்லி மூன்று நாளாகத் தன் வழக்கமான மாத்திரையை நிறுத்தியிருந்தாள்.

பதினோரு மணிக்கு வலிப்பு வந்தது. பெஞ்சிலிருந்து விழுந்தவளை ஒருக்களித்துப் படுக்கவைக்க அவள் கணவன் மாடசாமி ஓடினான்.

"தொடாதீர்கள். முகம் மறைகிறது," என்றது திரையின் மொழிபெயர்ப்புக் குரல்.

வாயில் நுரையும் ரத்தமும் வழிய, சேலை நனைந்து அவள் துடித்த நான்கு நிமிடமும் எஸ்தர் மாடசாமியை நெருங்கவிடாமல் அவன் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

வலிப்பு அடங்கியதும் குரல் சொன்னது: "அருமையான பதிவு. எங்கள் மாணவர்களுக்குப் பயன்படும். இடப்பக்கத்திலிருந்தும் ஒன்று வேண்டும். அதுவரை மாத்திரை வேண்டாம்."

"மனுசிய்யா அவ," என்ற மாடசாமி, திரைக்கு மேலிருந்த கேமராவில் காறித் துப்பினான்.

"படம் மங்கலாக இருக்கிறது. தயவுசெய்து துடையுங்கள்," என்றது குரல்.

எஸ்தருக்குத் தன் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. பூட்டியிருந்த அலமாரியைத் திறந்து, இருந்த வலிப்பு மாத்திரைகளை எல்லாம் அள்ளி அவனிடம் கொடுத்தாள்.

"வேளை தவறாம குடுங்கண்ணே. இனிமே இவங்கள இங்க கூட்டிட்டு வராதீங்க."