சூடாகுற வரைக்கும்

"டிரான்சிஸ்டர் ஆம்பே போதும்க்கா. சுவிட்சைப் போட்டா உடனே பேசணும். அவ்வளவுதான்."

கர்ணன் இப்படிச் சொன்னதும் எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு.

பின்ன? கம்பத்துல கிட்டாரு, கீபோர்டு, ஆம்ப்ளிஃபயர் விக்கிற கடை எங்களோடது. எங்க வீட்டுக்காரவுககிட்ட மணிக்கணக்கா மல்லுக்கு நின்ன ஆளு இந்தக் கர்ணன். "டிரான்சிஸ்டர்ல வாசிச்சா வறட்டுச் சத்தம் பாய். டியூப்பு சூடாகி ஒரு சத்தம் வரும் பாருங்க, அதுலதான் உசுரே இருக்கு"ன்னு சொல்லிச் சொல்லியே எங்க டீயெல்லாம் குடிச்சுத் தீத்தவன். அவன் வாயால இன்னைக்கு டிரான்சிஸ்டர்!

பக்கத்துல அவன் பொண்டாட்டி மகாலட்சுமி. முந்தானையைக் கழுத்தைச் சுத்திப் போட்டிருந்தா. போன வருஷம் தொண்டையில ஆபரேஷன். உசுரு பொழைச்சுது, குரல் போச்சு. இப்ப வெறுங்காத்துதான் வருது. காதைக் கிட்டக் கொண்டு போனாத்தான் என்ன சொல்றான்னு புரியும்.

குரலா அது! காமயகவுண்டன்பட்டி திருவிழாவோ குமுளிக் கல்யாணமோ, எங்கன மேடை போட்டாலும் இவுக ரெண்டு பேரு கச்சேரிதான். கர்ணனோட டியூப் ஆம்ப் சுவிட்சைப் போட்டதும் வாயைத் திறக்காது. சூடாக ஒரு நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் மகா மைக்கைப் பிடிச்சு ஒரு தொகையறா இழுப்பா. தாளம் கிடையாது, கூட ஒரு வாத்தியம் கிடையாது. பஜ்ஜி போடுறவரு கரண்டியை அப்படியே வச்சுட்டுக் கேப்பாரு. ஆம்ப் சூடானதும் அவ சுதியைப் பிடிச்சுக்கிட்டுக் கிட்டாரு உள்ள வரும்.

"அந்தப் பெட்டியை முன்கூட்டியே போட்டு வச்சா என்னப்பா?"ன்னு எங்க வீட்டுக்காரவுக ஒருநாள் கேட்டாக.

"அப்புறம் அவ எப்பப் பாடுறது?"ன்னு சிரிச்சான் கர்ணன். அப்படி இருந்தவன்தான்.

அந்த ஆம்ப் எரிஞ்சு போச்சாம். இன்னொண்ணு வாங்க வந்திருக்காக. வீட்டுக்காரவுக சரக்கெடுக்கத் தேனிக்குப் போயிருந்ததால நான்தான் கடையில. பழைய டியூப் ஒண்ணும் புது டிரான்சிஸ்டர் ஒண்ணும் இருந்துச்சு. விலையில பெரிய வித்தியாசம் இல்ல.

மகா டியூப் ஆம்பையே தொட்டுத் தொட்டுக் காமிச்சா. என் காதுகிட்ட வந்து, "அவுக காது இதுக்குத்தான் ஏங்கும் ரஃபியாக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க"ன்னா.

"போட்டுத்தான் பாரேன் தம்பி"ன்னு நானே பிளக்கைச் சொருகி, சுவிட்சைத் தட்டினேன்.

பெட்டிக்குள்ள ஆரஞ்சு வெளிச்சம் லேசா வந்துச்சு. கர்ணன் கிட்டாரை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். இன்னும் சத்தம் வரல. மகா நிமிந்து நின்னா. ஏதோ சொல்லப் போறவ மாதிரி வாயைத் திறந்தா. கர்ணன் அவளைப் பாத்தான். சட்டுன்னு எந்திரிச்சு, டப்புன்னு ஆம்பை அணைச்சுட்டான்.

"வேணாம்னா வேணாம்க்கா. விடுங்க."

மகா வாயை மூடிக்கிட்டா. பஸ் வருதான்னு பாக்கிறேன்னு கையைக் காமிச்சுட்டு வெளிய போயிட்டா.

அல்லா! ஒரு வார்த்தை சொல்லக்கூட விடமாட்டேங்குறானே இந்த மனுசன்! எனக்கு வயிறெரிஞ்சு போச்சு. விடுவேனா?

"ஏன் தம்பி, உன் குழுவுக்குப் புதுசா ஒரு சின்னப் பொண்ணு பாட வருதாமே, நெசந்தானா?"

"ஆமாக்கா."

"அதான் எல்லாம் அவசரமாக்கும்! சுவிட்சைப் போட்டதும் பேசணும், அந்தப் பொண்ணு உடனே பாடணும். பழசு எதுவும் இப்ப உனக்கு ஆகல. ஆம்பும் ஆகல, அவளும் ஆகல. வாயைத் திறந்து சண்டை போட முடியாதவதானேன்னு இளக்காரம்!"

எகிறுவான்னு நினைச்சேன். எகிறல. அணைச்சு வச்ச டியூப் ஆம்பு மேல உள்ளங்கையை வச்சான். லேசா சூடு இருந்திருக்கும்போல, எடுக்கவே மனசு வரல அவனுக்கு.

"எனக்கு மட்டும் ஆசையில்லையாக்கா? தூக்கத்துலகூட இந்தச் சத்தம்தான் கேக்குது."

"அப்புறம் என்ன கேடு?"

அவன் வாசலைப் பாத்தான். மகா ரோட்டோரமா எங்களுக்கு முதுகு காமிச்சு நின்னுக்கிட்டிருந்தா.

"பழைய ஆம்ப் எரியலக்கா. நான்தான் உள்ள வயரைப் பிடுங்கி விட்டேன். அவகிட்டச் சொல்லிராதீக."

"ஏ தம்பி! உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"எல்லாக் கச்சேரிக்கும் கூடத்தான் வர்றாக்கா. மேடைக்குப் பின்னாடி சேரைப் போட்டு உக்காந்துக்குவா. நல்லாத்தான் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருப்பா. நான் ஆம்ப் சுவிட்சைப் போட்டதும்…"

ஆம்பு மேலருந்த கையை எடுத்து, அந்தச் சுவிட்சைத் தொட்டுக் காமிச்சான்.

"எந்திரிச்சு நின்னு, பாடப் போறவ மாதிரி இன்னமும் மூச்சை இழுக்குறாக்கா."