பன்னிரண்டாவது வெடி

"பதினொண்ணுதான் மாப்பிள்ளை. ஒண்ணு வெடிக்கல. யாரும் உள்ள போகக் கூடாது!"

வெடிக்காரர் அடித்துச் சொன்னார். அவருடைய தங்கை கணவரான சூப்பர்வைசருக்குத் தலை சுற்றியது.

நிலக்கரிச் சுவரில் துளையிட்டு வைத்தவை பன்னிரண்டு வெடிகள். சுரங்கத்தின் வளைவில் ஒதுங்கி நின்று, ஒவ்வொன்றாக வெடிப்பதை வெடிக்காரர் எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று குறைந்தாலும் அரை மணி நேரம் யாரும் நெருங்கக் கூடாது என்பது சட்டம்.

"நானும் இந்த மூணு ஆளுங்களும் பன்னிரண்டு எண்ணினோம் மச்சான்!"

"வெடி வைக்கிற லைசென்ஸ் எனக்குத்தானே இருக்கு?" வெடிக்காரர் அவர் முகத்தையே பார்த்தபடி கேட்டார்.

நேற்றும் இதே கூத்துதான். காத்திருந்து தேடியதில் எல்லாமே வெடித்திருந்தன.

"இன்னிக்கும் வேலை நின்னா உங்களைத் தூக்கிடுவேன்னு மேனேஜர் குதிக்கிறார். நீங்க ரிட்டயர் ஆக எட்டு மாசம்தான் இருக்கு. உங்க வேலை போச்சுன்னா உங்க தங்கச்சி என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா. பன்னிரண்டுன்னு எழுதிடுங்களேன்!"

"என் காதுல விழாத சத்தத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

பிடித்த பிடியை விடாத மனிதர். தொழிலாளிகள் முணுமுணுத்தபடி உட்கார்ந்துவிட்டார்கள். சூப்பர்வைசருக்கும் உள்ளூர உதறல்தான். உள்ளே ஒன்று வெடிக்காமல் கிடந்து, அதன்மேல் யாராவது கடப்பாரையைப் போட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா?

அரை மணி நேரம் கழிந்ததும், வெடிக்காரர் விளக்கோடு தனியாக உள்ளே போனார். சுவரையும் சரிந்து கிடந்த கரியையும் அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். பிறகு விளக்கை அசைத்தார்.

"வாங்க. பன்னிரண்டும் வெடிச்சிருக்கு."

சூப்பர்வைசருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று போய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"மச்சான்! இப்ப மேனேஜருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அவர் திரும்பவில்லை.

"மச்சான், உங்களைத்தான்!"

அப்போதும் அசையவில்லை. என்ன வீம்பு என்று எரிச்சலோடு அவர் தோளைத் தொட்டார் சூப்பர்வைசர்.

திடுக்கிட்டுத் திரும்பிய வெடிக்காரர், சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"இதை மேனேஜர்கிட்ட கொடுத்துடுங்க. நேத்து சந்தேகமா இருந்துச்சு, இன்னிக்கு உறுதியாயிடுச்சு. கோளாறு வெடியில இல்ல மாப்பிள்ளை, என் காதுலதான்."