முதலில் பெயர்கள்

ஏரிக்கரை உடைகிறது என்று அறிவிக்க, ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ எங்கள் பள்ளத்தெருவுக்குள் வந்தது. “மாண்புமிகு அமைச்சர் அவர்களின் ஆணைக்கிணங்க, மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களின் வழிகாட்டுதலின்படி, பேரூராட்சித் தலைவர் அவர்களின் முன்னிலையில்…” என்று குரல் முழங்கியது. ஏதோ திறப்பு விழா என்று நினைத்து நாங்கள் அவரவர் வேலையைப் பார்த்தோம். எங்கள் தெரு முழுவதும் பட்டங்களுக்கே தீர்ந்துபோனது. “உடனடியாக வீடுகளைக் காலி செய்யவும்” என்ற வரி, ஆட்டோ திரும்பி ஏறிய மேட்டுத்தெருவில்தான் ஒலித்தது. அந்தத் தெருவில் எந்த வெள்ளத்திலும் தண்ணீர் ஏறியதில்லை. அங்கே குடியிருந்த தன் தங்கை போனில் சொல்லித்தான் எங்கள் தெரு அமலோற்பவம் அக்காவுக்கு விஷயம் தெரிந்தது. ஆட்டோ மறுசுற்று வந்தபோது கணுக்காலளவு தண்ணீரில் அதை மறித்து நின்றாள்.

“எங்க உசுரு கடைசி வரியிலயா இருக்கு? தண்ணி வருதுன்னு முதல்ல சொல்லுய்யா!”

மைக் பிடித்திருந்த ஊழியர் கையிலிருந்த தாளைக் காட்டினார். “எழுதிக் குடுத்தபடிதான் படிக்கணும். ஒரு பேரு விட்டாலும் என் வேலை போயிடும்மா.”

அக்கா மைக்கைப் பிடுங்கினாள். “தண்ணி வருது! புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு பள்ளிக்கூட மாடிக்கு ஓடுங்க!”

தெருவெங்கும் கதவுகள் திறந்தன. கைக்குழந்தைகளோடு ஜனங்கள் இறங்கினார்கள். அதற்குள் ஊழியர் மைக்கைத் திரும்பப் பறித்துக்கொண்டார்.

“பொதுமக்கள் கவனத்திற்கு. சற்றுமுன் கேட்டது அதிகாரபூர்வ அறிவிப்பு அல்ல. மாண்புமிகு அமைச்சர் அவர்களின் ஆணைக்கிணங்க…”

ஓடத் தொடங்கியவர்களில் பாதிப்பேர் தண்ணீரிலேயே நின்று, மரியாதையாகக் கேட்கத் தொடங்கினார்கள்.