மாமனார் ஊர்க் கம்பெனி

“எழுபது... எழுபத்தொண்ணு... ஏறுது பாஸ், ஏறுது!” என்று கூவினான் காமென்.

சுவரில் மாட்டிய பெரிய திரையில் பச்சைக் கோடு நொடிக்கு நொடி மேலே போய்க்கொண்டிருந்தது. முதலாளி ரலிட்சாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஐந்து நிமிடம் முன்புவரை அந்தக் கோடு செத்த பாம்பாகக் கிடந்தது. காமென்தான் “ஒரே நிமிஷம்” என்று கணினியில் என்னவோ தட்டி அதை எழுப்பிவிட்டான்.

சோபியாவில் ஆறு பேர் வேலை பார்க்கும் சின்ன அலுவலகம் அது. பங்கு விலை ஏறுவதையும் இறங்குவதையும் அந்தந்த நொடியே படம் போட்டுக் காட்டும் மென்பொருளுக்காக எட்டு மாதம் உழைத்திருந்தார்கள். அதை வாங்கலாமா என்று பார்க்க வந்திருந்தார் பிளவ்திவ் நகரத்துப் பங்குத் தரகர் பாலபானோவ். அவர் வேண்டாம் என்றால் அலுவலகத்தை இழுத்துப் பூட்டிவிட்டு, ரலிட்சா தன் அண்ணனின் டயர் கடையில் போய் உட்கார வேண்டியதுதான். அது அவளுக்குத் தெரியும். கதவோரம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற நாலு பேருக்கும் தெரியும்.

மற்ற நாளில் நேரமே இல்லை என்று சுதந்திர தினத்தன்று வருவதாகச் சொல்லியிருந்தார் மனிதர். ரலிட்சா யோசிக்காமல் சரி என்றுவிட்டாள். அவள் நிரல் எழுதுவதில் புலி. பங்குச் சந்தைப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை.

பாலபானோவ் தட்டில் வைத்த பனித்சா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரத்தைத் தொடவில்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

“என்ன பங்கு தம்பி இது? பேரையே காணோம்?”

“அது... சின்னக் கம்பெனிங்கய்யா. த்ரொயான் பக்கம், எங்க மாமனார் ஊரு.” காமெனின் காது இரண்டும் சிவந்திருந்தன.

“என்ன தொழில்?”

“பழந்தாங்கய்யா. பிளம் பழம்.”

பாலபானோவ் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, படம் பார்க்க வந்தவர் மாதிரி வசதியாக உட்கார்ந்தார்.

“எழுபத்தெட்டுல போய் நிக்கும் பாருங்க.”

நின்றது. எழுபத்தெட்டைத் தொட்டதும் கோடு சமர்த்தாகப் படுத்துக்கொண்டது. ரலிட்சாவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

“எப்படிங்கய்யா சொன்னீங்க?”

“எங்கப்பா காலத்துலேருந்து பாக்கறேம்மா. தம்பி, அந்த இடத்தப் பெரிசு பண்ணு.”

காமென் பெரிதாக்கினான். நேராகத் தெரிந்த கோட்டுக்குள் சின்னச் சின்ன நெளிவுகள்கூடத் துல்லியமாகத் தெரிந்தன. திடீரென்று ஒரு துள்ளல்.

“அதோ, யாரோ கை வச்சுட்டான்!” தொடையில் தட்டினார் பாலபானோவ். “கை வச்ச மறுநொடி இங்க தெரியுதே. பலே!”

பெரிய முதலாளி யாரோ கோடிக்கணக்கில் வாங்குகிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் ரலிட்சா. கோடு மறுபடி கிளம்பியது. எண்பது, எண்பத்திரண்டு, எண்பத்து மூன்று. அவள் குழந்தை மாதிரி கைதட்டினாள்.

“ஏறுதுங்கய்யா!”

“ஏறக் கூடாதும்மா.”

“ஏறினா நல்லதுதானே?”

“இதுல இல்ல. இது அடிமேல் அடி வச்சு மெதுவாத்தான் போகணும். இப்படிப் பறந்தா அத்தனையும் பாழ்.” அவர் முகம் கடுகடுத்தது. “அங்க உக்காந்திருக்கிற ஆளு தூங்கறானா என்ன?”

மென்பொருளில்தான் ஏதோ கோளாறு, எட்டு மாத உழைப்பும் போயிற்று என்று ரலிட்சா முடிவுகட்டிவிட்டாள். காமெனைப் பார்த்தாள். அவனோ மேசைக்கு அடியில் கைப்பேசியை வைத்துக்கொண்டு அவசர அவசரமாக என்னவோ தட்டிக்கொண்டிருந்தான்.

“பேனா இருக்காம்மா?” என்றார் பாலபானோவ்.

ஒப்பந்தத்தை இழுத்து வைத்து, மூன்று இடத்தில் சரசரவென்று கையெழுத்துப் போட்டார். “படம் பொய் சொல்லல. நடக்கறத நடக்கறப்பவே காட்டுது. எனக்கு அதுதான் வேணும்.”

கதவோரம் ‘ஹே’ என்று சத்தம் எழுந்தது. ரலிட்சாவுக்குச் சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பாலபானோவ் இப்போதுதான் பனித்சாவை எடுத்து ஒரு கடி கடித்தார்.

“ஐயா, தப்பா நினைக்காதீங்க. அந்தப் பங்கு பேரைச் சொன்னா நானும் நாலு வாங்கிப் போடுவேன்.”

“அது எந்தச் சந்தையிலயும் கிடைக்காதும்மா. சந்தைக்கே இன்னைக்கு லீவு.”

வாயைப் பிளந்து நின்றவளை விட்டுவிட்டு அவர் காமென் பக்கம் திரும்பினார்.

“தம்பி, தட்டிக்கிட்டு இருக்காம மாமனாருக்குப் போனைப் போட்டுத் தீயைக் குறைக்கச் சொல்லு. கோட்டைப் பாரு, கொப்பரையில சூடு எண்பத்தாறு தாண்டிருச்சு, பிளம் சாராயம் கருகப் போகுது!”