வடத்தின் மேல் ஈரச் சாக்கு

சுங்கை சிப்புட்டில் மழை விட்ட மத்தியானம். சன்னாசி அண்ணன் தோட்டத்து நான்கு சக்கர மோட்டாருக்குத் வடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச்சைத் தானே மாட்டி, தண்ணீர்க் குழாயை வளைத்து முன்காப்பும் போட்டிருக்கிறார். கம்பிவடம் மட்டும் பழைய ரப்பர் ஆலையில் கழித்துப் போட்டது. அதன் முனையை மரத்தில் கட்டி, வடத்துக்குப் பக்கத்திலேயே நின்று வின்ச் பொத்தானை அழுத்துகிறார். கால்வாய்க்குள் சறுக்கி மாட்டிக்கொண்ட வண்டி முனகிக்கொண்டே ஏறுகிறது. வடம் அறுந்தால் ஆளை வெட்டும். அதனால், அறுந்தாலும் பறக்காமல் கனத்தில் கீழே விழ, மேலே ஈரச் சாக்குப் போடுவது இங்கே வழக்கம். சாக்கு இன்னும் என் கையில்தான் சொட்டுகிறது. "வேணாம்லா, இது தாஹான், நல்லா தாங்கும். யானையையே இழுக்கும்," என்று சிரிக்கிறார். வடத்தில் ஓர் இழை பிரிந்து சுருள்கிறது. ஓடிப்போய்ச் சாக்கை வடத்தின்மேல் வீசுகிறேன். படீரென்று அறுந்த வடம் சாக்கோடு அவர் முன்னால் சகதியில் அடித்து விழுகிறது. அண்ணன் கீழே பார்க்காமலே கேட்கிறார்: "கால் இருக்கா பாரு, தங்கச்சி."